முதல் பாகம் கிடைக்கவே கிடைக்காது: நூலகத்தின் இளையோர் நாவல் பிரிவு

பள்ளி முடித்துப் பல வருடம் ஆகியும் பொது நூலகத்தில் நான் நேராகப் போவது இளையோர் நாவல் பிரிவுக்குத்தான். 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு என்றுதான் பேர். உறுப்பினர் அட்டையை நீட்டினால் யாரும் வயதைக் கேட்பதில்லை.

இந்தச் சேவையில் எனக்குப் பிடித்ததே பாதியில் விடும் சுதந்திரம்தான். காசு கொடுத்து வாங்கிய நாவலை வீம்புக்காகவாவது படித்து முடிப்பேன். இரவல் புத்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் படிக்க முடிவதைவிட இரண்டு மடங்கு அள்ளிக்கொண்டு வருவேன். பின்னட்டையை நம்புவதில்லை, எல்லாப் பின்னட்டையிலும் உலகம் அழியப்போகிறது. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து உரையாடலைப் படிப்பேன். பதினைந்து வயதுப் பிள்ளை வக்கீல் மாதிரி பேசினால் அங்கேயே வைத்துவிடுவேன்.

பாகம் பாகமாக வரும் தொடர் நாவல்களே வேண்டாம் என்பவர்கள் பிரிண்ட்ஸ் விருதுப் பட்டியலைப் பார்க்கலாம். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 2000 முதல் ஆண்டுதோறும் இந்த விருதைத் தருகிறது. எழுத்தின் தரம்தான் அளவுகோல், விற்பனை அல்ல. விருது ஒன்றுதான், ஆனால் கூடவே நான்கு நூல்கள் வரை சிறப்பு மதிப்புப் பெறும். என் அனுபவத்தில் அந்த நான்கில்தான் நல்ல வேட்டை. நூலகரிடம் போய் "நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுப் பயனில்லை. கடைசியாகப் பிடித்த நாவலையும் அதில் பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்லுங்கள், சரியாக எடுத்துத் தருவார்.

பெரிய குறை தொடர் நாவல்கள். மூன்றாம் பாகம் புத்தம்புதிதாக நிற்கும். முதல் பாகம் எப்போதும் யார் வீட்டிலோ இருக்கும், இல்லையென்றால் கிழிந்து கழிக்கப்பட்டிருக்கும். முதல் பாகம் கைக்கு வந்த அன்றே இரண்டாவதற்கு முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

நூலக மின்நூல்களை இரவல் தரும் லிபி (Libby) என்ற செயலியில் மின்நூலாக எடுத்தால் தவணை முடிந்ததும் தானாகவே திரும்பிப் போய்விடும், தாமதக் கட்டணம் கிடையாது. நம் முறை வரும்போது நேரம் இல்லையென்றால் தள்ளிப்போடவும் வசதி உண்டு. மின்நூலுக்கு எதற்கு வரிசை என்று பலர் கோபப்படுகிறார்கள். பெரும்பாலும் நூலகம் வாங்கும் ஓர் உரிமத்துக்கு ஒரே நேரத்தில் ஒரு வாசகர்தான். உரிமங்களுக்கு ஆயுளும் உண்டு: 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு மின்நூல் உரிமத்தை 26 இரவல்களோடு நிறுத்தியது.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். மீதி ஒன்று ஏன் இல்லை என்றால், நான் போகும் நூலகத்தில் பிரிவு ஸ்டிக்கரைப் புத்தக முதுகில் பாக எண் அச்சான இடத்தின்மேலேயே ஒட்டுகிறார்கள். எது எத்தனையாவது பாகம் என்று தெரிய ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.