ஸ்டான்லி ஜோர்டானின் ‘மேஜிக் டச்’: விரல் வித்தையும் இசையும்

அமெரிக்க கிதார் கலைஞர் ஸ்டான்லி ஜோர்டானின் ‘மேஜிக் டச்’ 1985ஆம் ஆண்டில் புளூ நோட் நிறுவனத்தின் வெளியீடாக வந்த ஜாஸ் இசைத்தொகுப்பு. கிதாரின் கழுத்தில் விரல் வைக்கும் பலகையான ஃபிரெட்போர்டின் மேல் இரண்டு கைகளின் விரல்களாலும் தந்திகளைத் தட்டி வாசிக்கும் டேப்பிங் முறைதான் இதன் உயிர்நாடி. கிதார் கலைஞர் ஆல் டி மியோலா தயாரித்த இத்தொகுப்பு, பில்போர்டு இதழின் ஜாஸ் பட்டியலில் 51 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. டேப்பிங் என்றாலே விரல் வேகத்தைக் காட்டும் வித்தை என்று ஒதுக்குபவர்களும், வேகம் ஒன்றுக்காகவே அதைக் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் இத்தொகுப்பைக் காணொளியாகப் பார்க்காமல் ஒலியாக மட்டும் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். கைகள் கண்ணில் படாதபோது எஞ்சி நிற்பது என்ன என்பதே இம்முறையைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வி.

அதற்கு முன் இம்முறையில் எது கிடைக்கிறது, எது இழக்கப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பிக் எனும் சிறு தகட்டினாலோ விரல் நுனியாலோ தந்தியை மீட்டும்போது, கிதாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகில் மீட்டினால் கூர்மையாகவும் கழுத்துக்கு அருகில் மீட்டினால் குழைவாகவும் ஒலி வரும். ஒரே சுரத்துக்குப் பல நிறங்கள் கிடைக்கும். டேப்பிங்கில் தந்தி, ஃபிரெட் எனும் குறுக்குக் கம்பியின் மேல் மோதும் இடத்திலிருந்தே ஒலி பிறப்பதால் இந்த வசதி பெரும்பாலும் போய்விடுகிறது. மென்மைக்கும் வன்மைக்கும் இடைப்பட்ட தூரமும் சுருங்குகிறது. ஆனால் இதற்கு ஈடாக ஒரு பெரிய உரிமை வாசிப்பவருக்குக் கிடைக்கிறது. விரலை எடுத்த கணத்தில் சுரம் நின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நீள வேண்டும், எங்கே மௌனம் தொடங்க வேண்டும் என்பதை ஒரு பியானோ கலைஞரைப் போல அவரே முடிவு செய்யலாம். ஆகவே டேப்பிங் வாசிப்பவரின் இசையுணர்வு தட்டும் கணத்தில் அல்ல, விரலை எடுக்கும் கணத்தில்தான் வெளிப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. வேகத்தை மட்டும் நாடுபவர்கள் பயிற்சி செய்யாத பகுதியும் இதுவே.

ஜோர்டான் இம்முறையைக் கண்டுபிடித்தவர் அல்லர். அமெரிக்காவில் ஜிம்மி வெப்ஸ்டர் 1950களிலேயே இதைக் கற்பித்தார். எம்மெட் சாப்மன் 1969இல் இரு கைகளையும் சமமாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டு, அதற்கென்றே ‘சாப்மன் ஸ்டிக்’ என்ற கருவியை உருவாக்கி 1974இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1978இல் ராக் கிதார் கலைஞர் எடி வான் ஹேலனின் ‘எரப்ஷன்’ வெளிவந்த பிறகு டேப்பிங் ராக் இசை எங்கும் பரவியது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான அந்த வாசிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் இறுதிப் பகுதியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) ஒன்றிலிருந்து ஒன்றாக நகரும் விதத்தில் உண்மையான இசை இருக்கிறது. ஆனால் அங்கே வலக்கை விரல், இடக்கையின் வேலையை ஒரே தந்தியில் நீட்டித்துக் கொடுக்கிறது. கேட்பது ஒரே குரல். பின்னால் வந்த பலர் அந்தக் குரலின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஜோர்டானின் வழி வேறு. அவருடைய இடக்கை அடித்தளத்தையும் கார்டுகளையும் வாசிக்க, வலக்கை பாட்டை வாசிக்கிறது. அவ்வப்போது இந்தப் பொறுப்பு கை மாறுகிறது.

இந்த வேறுபாட்டுக்கு வேர் அவருடைய இசைக் கல்வியில் இருக்கிறது. 1959இல் சிகாகோவில் பிறந்த அவர் கிதாருக்கு முன் பியானோ கற்றவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இசை பயின்று 1981இல் பட்டம் பெற்றவர். கிதாரின் வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ சுருதி அமைப்பை விட்டு, அவர் ஈ-ஏ-டி-ஜி-சி-எஃப் என்று வைத்துக்கொள்கிறார். கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வழக்கமான அமைப்பில் தந்திகளுக்கிடையே ஷட்ஜத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள தூரம் இருக்கும், ஓரிடத்தில் மட்டும் அது அந்தர காந்தாரமாகக் குறையும், ஜோர்டானின் அமைப்பில் எல்லா இடத்திலும் மத்தியமமே. இதனால் ஒரு கார்டின் வடிவத்தை எந்தத் தந்திகளுக்கு மாற்றினாலும் விரல்கள் நிற்கும் முறை மாறுவதில்லை. ஒரு கை தன் வழியைத் தானே அறிந்திருந்தால்தான், மனம் மற்றொரு கையின் பாட்டைக் கவனிக்க முடியும்.

தொகுப்பில் என்னை மிகவும் கவர்ந்தது மைக்கேல் ஜாக்சன் பாடிய ‘தி லேடி இன் மை லைஃப்’ பாடலின் வாசிப்பு. தாளம் நிதானமானது, ஜோர்டான் அவசரப்படுவதே இல்லை. பாடகர் மூச்சு விடும் இடங்களில் அவர் விரலை எடுக்கிறார், அந்த இடைவெளியைக் கார்டால் நிரப்ப முற்படுவதில்லை. மெட்டின் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கேட்கும் அந்தச் சிறு ஓய்வில், இது இரு கைகளால் தட்டப்படும் ஒலி என்பதே மறந்துபோகிறது. கச்சேரிகளில் பிருகா எனும் வேகச் சுரக் கோவைக்கும் பாவம் எனும் உணர்ச்சி வெளிப்பாட்டுக்கும் இடையே நெடுநாளாக நடக்கும் வழக்கைக் கேட்டுப் பழகிய நம் செவிகளுக்கு, இந்த வாசிப்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பீட்டில்ஸின் ‘எலினார் ரிக்பி’யைப் பற்றி இவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல இயலாது. அனைவரும் அறிந்த மெட்டைத் தேர்ந்ததே சரியான முடிவு. மூலம் காதில் இருப்பதால் அவர் எங்கே விலகுகிறார், எங்கே திரும்புகிறார் என்பதைப் பின்தொடர முடிகிறது. இடக்கை ஒரு தாளக் கட்டை நிறுவிக்கொண்டு நிற்க, வலக்கை அதன் மேல் கற்பனையாக விரியும் பகுதிகள் அபாரமானவை. ஆறு தந்திகளை இரண்டு கைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், ஒரே தந்தியில் இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்க முடியாது என்ற நெருக்கடியை நினைவில் வைத்துக் கேட்டால் வியப்பு இன்னும் கூடும். ஆயினும் ஓட்டம் உச்சத்தை அடையும் சில இடங்களில், சுரங்கள் எல்லாம் ஒரே அளவாக, ஒரே வன்மையில் விழுகின்றன. எது முக்கியமான சுரம், எது கடந்து செல்லும் சுரம் என்று காது பிரித்தறிய முடியவில்லை. இம்முறையின் குறுகிய ஒலி அளவு வேகத்தோடு சேரும்போது நேரும் குறை இது. ஜோர்டானாலும் எல்லா இடத்திலும் அதை வெல்ல முடியவில்லை.

தெலோனியஸ் மாங்கின் ‘ரவுண்ட் மிட்நைட்’, தாட் ஜோன்ஸின் ‘எ சைல்டு இஸ் பார்ன்’ ஆகிய இரண்டிலும் அந்தக் குறை இல்லை. மெதுவான மெட்டுகளில் உள் குரல்கள் (பாட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே செல்லும் சுர வரிகள்) ஒவ்வொன்றாக நகர்வதைத் தெளிவாகக் கேட்கலாம். ‘ஃபண்டான்ஸ்’ துள்ளலாக இருந்தாலும் மனத்தில் தங்கவில்லை. குழுவோடு வாசித்த சில பகுதிகளில் ஒலிப்பதிவு 1980களின் பளபளப்பை அப்படியே சுமந்திருக்கிறது. ஜோர்டானின் இடக்கை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை மற்றக் கருவிகளும் செய்யும்போது, இத்தொகுப்பின் தனிச்சிறப்பு மங்குகிறது.

கிதார் பயில்பவர்கள் இதை வாங்குவதாக இருந்தால், முதலில் ‘எலினார் ரிக்பி’யை எடுத்து வேகத்தைப் பின்பற்ற முயல வேண்டாம் என்பேன். ‘எ சைல்டு இஸ் பார்ன்’ மெட்டை வலக்கையால் மட்டும் தட்டி, ஒவ்வொரு சுரத்தையும் அதன் முழு நீளத்துக்குப் பிடித்து, சரியான கணத்தில் விரலை எடுக்கப் பழகுங்கள். அது பாட்டாகக் கேட்கத் தொடங்கிய பிறகு இடக்கையைச் சேர்த்துக்கொள்ளலாம்.