லெபு குயின் மாடி பார்சல் கடை: நெய்யைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனாலும் நாலு நட்சத்திரம்

பொங்கலுக்கு முன்னால் இரண்டு பெட்டி அனுப்பினேன். ஒன்று லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மகளுக்கு, இன்னொன்று ஜெர்மனி ரீகன்ஸ்பர்க்கில் இருக்கும் மகனுக்கு. ஒரே நாள், ஒரே கடை, உள்ளே ஒரே சாமான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

கடை மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபு குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். மாலைக்கடைக்குப் பக்கத்துப் படியில் ஏற வேண்டும். பெயர்ப்பலகை உள்ளங்கை அகலம்தான், மாலை கட்டுகிற அக்காவைக் கேட்டால் காட்டுவார். படி செங்குத்து. கீழே நின்று போன் செய்தால் தம்பியே இறங்கி வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்வார் என்று, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து இரண்டு தடவை மூச்சிரைக்க ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கேயும் எழுதிப் போடவில்லை.

பெட்டியை ஒட்டாமல் கொண்டு போங்கள். முகப்பில் இருக்கும் தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பழைய நாளிதழை விரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து அடுக்கிய பெட்டி அது.

"முறுக்கு சரி. அதிரசம், நெய்யில சுட்டதா எண்ணெயிலயா?"

"எண்ணெய்தான் தம்பி. இரண்டரை ரிங்கிட்டுக்கு விற்கிற பாக்கெட் எண்ணெய்."

"சரி. நெத்திலி சம்பல் போகும்மா, மீன் 20 கிலோ வரைக்கும் விடுவாங்க. இது என்ன?"

"செருண்டிங், இறைச்சியை நூல் நூலாக உதிர்த்து மசாலாவில் வறுத்தது. பக்கத்து வீட்டு மலாய் அக்கா, காக், கொடுத்தது. கோழிதான், மாடு இல்லை."

"எதுவா இருந்தாலும் இறைச்சி இறைச்சிதான்மா. லண்டனுக்கும் போகாது, ஜெர்மனிக்கும் போகாது. இந்த நெய்ப் போத்தலும் அப்படித்தான்."

பச்சைக் கறிவேப்பிலையும் போகவில்லை. 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பாவுக்குள் எந்தப் பச்சைத் தாவரம் போனாலும் நோயில்லை என்று சான்றிதழ் வேண்டுமாம். காயவைத்துப் பொடியாக்கிக் கொண்டு வாருங்கள், போகும் என்றார். அந்தச் சட்டத்தில் ஐந்தே ஐந்து பழங்களுக்கு விலக்கு: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, அப்புறம் டுரியான். நம் பினாங்கு பாலிக் புலாவ் டுரியானுக்கு ஐரோப்பாவின் கதவு திறந்தே கிடக்கிறது. எந்த விமானக்காரன் ஏற்றுவான் என்பது வேறு விஷயம்.

பாரம், அதாவது சுங்கப் படிவம், நிரப்புவதில்தான் இந்தக் கடை காசுக்குத் தகுந்த வேலை செய்கிறது. 'அன்பளிப்பு', 'தின்பண்டம்' என்று பொத்தாம்பொதுவாக எழுத விடமாட்டார்கள். 'அரிசி, உளுந்து மாவு முறுக்கு, தாவர எண்ணெயில் பொரித்தது, 1.2 கிலோ' என்று ஆங்கிலத்தில் தட்டினார் தம்பி. 2021 மார்ச்சிலிருந்து பெட்டி விமானம் ஏறுவதற்கு முன்பே இந்த விவரம் ஐரோப்பியச் சுங்கத்தின் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். மதிப்பையும் கேட்டுத்தான் போடுகிறார். தனியாள் தனியாளுக்கு அனுப்பும் அன்பளிப்பு என்றால் ஜெர்மனிக்கு 45 யூரோ வரை, லண்டனுக்கு 39 பவுன் வரை வரி இல்லை. பெருமைக்காகக் கூட்டிப் போட்டீர்கள் என்றால் பிள்ளைதான் கட்ட வேண்டும்.

அதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மகன் 2018இல் ஜெர்மனி போனான். அப்போதெல்லாம் நான் ஒரே ஒரு பெரிய பெட்டிதான் அனுப்புவேன், மகளுக்கு. அவள் பாதியை வேறு பெட்டியில் போட்டு, பக்கத்துத் தெரு தபால் கடையில் கொடுத்து தன் தம்பிக்கு அனுப்பிவிடுவாள். பாரமும் இல்லை, வரியும் இல்லை. லண்டனிலிருந்து ஜெர்மனிக்கு முறுக்கு போவது, பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவுக்குப் போவது மாதிரி. பிரிட்டன் 2016 ஜூன் 23இல் ஓட்டுப் போட்டு, 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறலாம் என்று சொன்ன அன்றைக்கு, அது என் முறுக்கைப் பற்றியும்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

2020 கடைசி நாளோடு, சாமான் தடையில்லாமல் போய்வருகிற ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தையிலிருந்தும் அவர்கள் வெளியே வந்தார்கள். 2021 பொங்கலுக்கு மகள் வழக்கம் போலப் பாதியைப் பிரித்து அனுப்பினாள். மதிப்பு 60 பவுன் என்று எழுதியிருந்தாள், அம்மா செய்த பண்டம் என்கிற பெருமையில். பெட்டி சுங்க அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மகன் அரை நாள் விடுப்பு எடுத்துப் போய், அதிகாரி முன்னால் பெட்டியைப் பிரித்து, வளையம் வளையமாக இருக்கும் அது என்னவென்று விளக்கி, வரி கட்டி வாங்கி வந்தான். ஒரு துண்டுகூட முழுசாக இல்லை. இதற்குப் பிறகுதான் இரண்டு பெட்டி, இரண்டு பாரம், இரண்டு கட்டணம் என்று ஆனது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரிட்டன் வெளியே வந்த பிறகும், இங்கிருந்து போகும் செருண்டிங்குக்கும் நெய்க்கும் அங்கே அதே தடைதான். நான் இருபத்தாறு வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு ஜெர்மன் மருத்துவக் கருவி ஆலையில் இருந்தேன், கடைசி ஒன்பது வருடம் பெட்டியில் ஒட்டும் லேபிள்களைச் சரிபார்க்கிற இடத்தில். சாமான் ஐரோப்பிய விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சி.ஈ. முத்திரை, இரண்டே எழுத்து. கோணலாக இருந்தால், மை மங்கியிருந்தால், அந்த அட்டை முழுக்கத் திரும்பிவிடும். லண்டன் வெளியேறியதும் தனக்கென்று வேறு முத்திரை வேண்டும் என்றார்கள். அப்புறம் 2023இல், பெரும்பாலான சாமான்களுக்குப் பழைய சி.ஈ.யே போதும், கெடு எதுவும் இல்லை என்றார்கள். விதியை எழுதுகிற மேசையிலிருந்து எழுந்து வந்துவிட்டு, அதே விதியை வெளியே நின்று படிக்கிறார்கள். 2025 மே மாதம் உணவுச் சோதனைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று மறுபடியும் ஐரோப்பாவோடு உட்கார்ந்தார்கள்.

நாம் ஐரோப்பாவோடு ஒட்டிப் போக வேண்டும் என்று நான் சொன்னால், என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார். நிபோங் தெபால் பக்கம் அவர் அப்பா விட்டுப்போன ஏழு ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, இருக்கிறது. ஒவ்வொரு தடவை பெட்டி கட்டும்போதும் வீட்டில் இதே சண்டைதான். "ஐரோப்பாக்காரன் தன் காட்டை வெட்டித் தின்றுவிட்டு, நம் மரத்தை எண்ண வந்துவிட்டான். இந்தியாக்காரன் கேள்வி கேட்காமல் வாங்குகிறான், அவனுக்கே விற்போம்" என்பார். லண்டனையும் விடமாட்டார். "பார், தனியாக வந்தவன் சி.பி.டி.பி.பி.யில் சேர்ந்து நம் எண்ணெய்க்கு வரியை எடுத்துவிட்டான்." அது உண்மைதான். 2024 டிசம்பர் 15 முதல் பசிபிக் நாடுகளின் அந்த வர்த்தக ஒப்பந்தம் நமக்கும் பிரிட்டனுக்கும் நடப்பில் இருக்கிறது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன்.

காடு அழித்த நிலத்துப் பொருள் வேண்டாம் என்கிற ஐரோப்பியச் சட்டம் 2023இல் வந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை வெட்டி நட்டதாக இருக்கக் கூடாது, நிலம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். இரண்டு முறை தள்ளிப்போய், பெரிய நிறுவனங்களுக்கு இப்போது 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது. வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினார். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? நாலு ஹெக்டருக்குக் குறைந்த நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். மருமகப் பிள்ளை போனை எடுத்துக்கொண்டு போய், கிணற்றடியில் நின்று, இரண்டு நிமிடத்தில் அந்த எண்ணைக் குறித்துக் கொடுத்துவிட்டான். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு கூட நின்றார்.

அதற்காக ஐரோப்பா சொல்வதெல்லாம் நியாயம் என்று சொல்லவரவில்லை. 2025இல் நாடுகளைத் தரம் பிரித்தபோது தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் ஆபத்துக் குறைவு என்று போட்டுவிட்டு, நம்மை ஒரு படி மேலே நடுத்தரத்தில் வைத்தார்கள். செம்பனைத் தோட்டங்களுக்கான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழை நாம் 2020இலேயே கட்டாயமாக்கியிருந்தும் இந்த நிலை. 2018இல் கொண்டு வந்த இன்னொரு சட்டம், 2030க்குள் செம்பனை எண்ணெய் டீசலை அவர்கள் பசுமைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்கிறது. நாம் 2021இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டோம். 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அடிப்படை ஐரோப்பா பக்கம் நின்றது, ஆனால் அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் தவறு இருக்கிறது என்றார்கள். வீட்டுக்காரர் ஜெயித்தோம் என்றார். நான் பாதிதான் என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனைத் தோட்டம் போட்டவரே ஒரு பிரெஞ்சுக்காரர்தான், 1917இல், சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில். மரத்தைக் கொண்டு வந்து நட்டவர்கள் இன்று மரத்தின் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். கோபம் வருவது இயல்புதான். கோபத்தில் எழுந்து போனால் யார் நம் சாமானை முகப்பில் வைத்துப் பேசுவார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் அடுத்த வீட்டுக்காரர்கள் போய்ப் பேசிவிட்டார்கள். ஐரோப்பாவோடு சிங்கப்பூரின் ஒப்பந்தம் 2019 நவம்பரிலும் வியட்நாமுடையது 2020 ஆகஸ்டிலும் நடப்புக்கு வந்தன. இந்தோனேசியா 2025 செப்டம்பரில் பேச்சை முடித்துவிட்டது. நாம் 2010இல் தொடங்கி, 2012இல் நிறுத்தி, 2025 ஜனவரியில் பிரதமர் அன்வார் பிரஸ்ஸல்ஸ் போனபோதுதான் மறுபடியும் ஆரம்பித்தோம். நடுவில் 2014இல், இவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று பழைய வரிச் சலுகையையும் ஐரோப்பா எடுத்துவிட்டது. ஆக, வியட்நாம் சாமான் சலுகையோடு போகிற இடத்துக்கு நம் சாமான் முழு வரி கட்டிப் போகிறது. ஒட்டிப் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒட்டிப் போவதென்றால் தலையாட்டிக்கொண்டு போவதில்லை. சிறு நிலக்காரர்களுக்கு அவகாசம், நம் சான்றிதழுக்கு மதிப்பு, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

சரி, கடைக்கு வருகிறேன். ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

தராசு முள் நம் பக்கம் திரும்பியிருக்காது. அதைவிட, எடை ஒன்று, கணக்கு ஒன்று. என் பெட்டி தராசில் 5.4 கிலோதான். ஆனால் நீளம் 40, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் 7.2. எது அதிகமோ அதற்குத்தான் காசு. எல்லாக் கூரியரிலும் இருக்கிற வழக்கம்தான் இது, கடையின் குற்றமில்லை. ஆனால் போனில் விலை கேட்டபோது இதைச் சொல்லவில்லை. ரீகன்ஸ்பர்க் பெட்டிக்கு 390 ரிங்கிட் ஆனது. நான் 300 என்று நினைத்துப் போயிருந்தேன். முறுக்கு டப்பாவைச் சுற்றி இடம் விட்டுப் பஞ்சு வைக்காதீர்கள், காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். சின்னப் பெட்டியில், டப்பாக்களின் இடுக்கில் பொடிப் பொட்டலங்களைச் செருகுங்கள்.

டேப்புக்கு எட்டு ரிங்கிட் தனி. அது அநியாயம். வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், ஒன்றும் சொல்லமாட்டார்கள். வரிசை எண் கொடுப்பதில்லை, யார் முந்தி வந்தார் என்று நமக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெர்மனிப் பெட்டி எட்டாம் நாள் வீட்டு வாசலுக்கே போனது, சுங்க அலுவலகத்துக்கு அழைப்பு வரவில்லை. லண்டன் பெட்டிக்குப் பதினொரு நாள். இரண்டிலும் முறுக்கு முக்கால்வாசி முழுசாக இருந்ததாகப் படம் அனுப்பினார்கள். ரீகன்ஸ்பர்க்கில் கறிவேப்பிலைப் பொடி மூடி திறந்து அதிரசத்தின் மேல் கொட்டியிருந்தது, அது என் தவறு.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள், கோயில் கூட்டத்தில் காடி நிறுத்த இடம் கிடைக்காது. திருப்பிக் கொடுத்த செருண்டிங்கை காக்கிடம் சொல்லாமல் மாலைக்கடை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நெய்ப் போத்தலை வீட்டுக்காரர் தோசைக்கு ஊற்றியே தீர்த்துவிட்டார். ஐரோப்பாக்காரன் சட்டத்தில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.