ஜியோகேஷிங் ஆப்பை வைத்து நேரத்தைக் கணக்கிட முடியுமா?

காலை பத்து மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாமா? ஜி.பி.எஸ். துணையோடு, மற்றவர்கள் ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேடிப் போகும் விளையாட்டு ஜியோகேஷிங். அதற்குப் போகும் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. சியாட்டிலில் உள்ள ஜியோகேஷிங் தலைமையகத்தின் அதிகாரபூர்வ ஆப்பை இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து எடை போட்டிருக்கிறேன். ஒளித்து வைத்த கேஷை இங்கே பெட்டி என்றே சொல்கிறேன்.

பெட்டியைக் கண்டுபிடிக்க இது அருமையான ஆப். வரைபடம் தெளிவு, திசைகாட்டி எளிது, குறிப்பும் முன்பு தேடிப் போனவர்கள் எழுதிய பதிவான லாகும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஐந்து பெட்டிகளைப் பட்டியலில் போட்டால் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்று அது சொல்லாது. நேரத்தைக் கணிக்க வேண்டிய விவரங்கள் பக்கத்திலேயே சிதறிக் கிடக்கின்றன. பொறுக்கிக் கூட்டுவது நம் வேலை.

முதலில் தூரம். திசைகாட்டித் திரையில் தெரிவது நேர்கோட்டுத் தூரம். ஓடை, வேலி, பள்ளம் எதுவும் அதில் சேராது. 400 மீட்டரில் இருக்கும் பெட்டிக்குப் பாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். சமதளப் பூங்கா என்றால் அந்த எண்ணை 1.3ஆல் பெருக்குங்கள், வளைந்து ஏறும் மலைப்பாதை என்றால் 2ஆல். பிறகு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கினால் மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே பெரிது. திரும்பி வரும் நடையை மறப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து 1 முதல் 5 வரை அரை அரையாக ஏறும் இரண்டு மதிப்பெண்கள்: கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு டிபிகல்டி, போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்பதற்கு டெரெய்ன். டிபிகல்டி 1 என்றால் சில நிமிடங்களில் கிடைக்கும், 2 என்றால் அரை மணிக்குள். டெரெய்ன் மதிப்பெண்ணில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெரெய்ன் 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். 5 என்றால் படகு, கயிறு போன்ற சாதனம் வேண்டும். அது நேரத்தின் அளவு அல்ல. படகு கையில் இருந்தால் டெரெய்ன் 5 பெட்டி பத்து நிமிடத்தில் முடியலாம்; டெரெய்ன் 3 பெட்டி ஒரு மதியத்தையே விழுங்கலாம்.

தேடும் நேரத்தை நிர்ணயிப்பது ஜி.பி.எஸ். பிழை. திறந்த வெளியில் 5 மீட்டர் பிழை என்றால் தேட வேண்டிய வட்டம் சுமார் 78 சதுர மீட்டர். அடர்ந்த மரங்களுக்கு அடியிலோ உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலோ பிழை 15 மீட்டரானால் வட்டம் சுமார் 700 சதுர மீட்டர், அதாவது ஒன்பது மடங்கு. பெட்டியை வைத்தவரின் கருவியிலும் இதே பிழை இருந்திருக்கும். அதனால் காட்டுக்குள் இருக்கும் மைக்ரோவுக்கு (மிகச் சிறிய பெட்டிக்கு) டிபிகல்டி 1.5 போட்டிருந்தாலும் 30 நிமிடம் ஒதுக்குங்கள். கடைசி நான்கு லாகும் கிடைக்கவில்லை என்று சொன்னால் பெட்டியே அங்கே இல்லாமல் போயிருக்கலாம். 15 நிமிடத்தோடு விட்டுவிடுங்கள்.

பல புள்ளிகளைக் கடந்து கடைசியில் கிடைக்கும் மல்டி பெட்டியில் ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பெட்டியாகவே எண்ணுங்கள். அடுத்த புள்ளியின் ஆயத்தொலைவைக் கையால் தட்டும்போது, அட்சரேகையில் 0.001 நிமிடம் (இது பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோண நிமிடம்) தவறினால் 1.85 மீட்டர்தான் விலகும், 0.1 தவறினால் 185 மீட்டர். ஒரு இலக்கத் தவறு ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். தட்டியதும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோகுவால்மி சுரங்கத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 2001இல் ஒரு திரைப்பட விளம்பரத்துக்காக வைக்கப்பட்ட பெட்டிகளில் ஒன்று சுரங்கத்தின் மறுமுனைக்கு அருகே இருக்கிறது; உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். ஹயாக் வாகன நிறுத்தத்திலிருந்து பழைய ரயில் சுரங்கத்துக்குள் சுமார் 3.6 கிலோமீட்டர் நடக்க வேண்டும். விளக்கே கிடையாது, கோடையிலும் குளிரும். ஆப்பின் அம்பு மலைக்கு மேலே நேர்கோட்டைக் காட்டும். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் செயற்கைக்கோள் சிக்னல் அறவே நின்றுவிடும். வெளியே வந்து அம்பு நிலைக்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும்.

போக 50 நிமிடம், வர 50 நிமிடம், வெளியே ஏறித் தேட 30, லாக் எழுதவும் சிக்னலுக்குக் காத்திருக்கவும் 10: மொத்தம் 2 மணி 20 நிமிடம். சியாட்டிலிலிருந்து காரில் போக ஒரு மணி, வர ஒரு மணி. கால் பங்கு கூடுதலாக வைத்தால் ஐந்தரை மணி நேரம் ஆகிறது. சைக்கிளில் போனால் ஒரு மணிக்கு மேல் மிச்சம். நவம்பர் 1 முதல் மே 1 வரை சுரங்கம் மூடியிருக்கும். இத்தனையையும் லாகுகளிலும் பெட்டியின் விவரக் குறிப்பிலும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். வீட்டிலேயே தோண்டிவிடுங்கள், மலைக்குப் போனபின் போன் சிக்னலை நம்ப முடியாது. பக்கங்களை ஆஃப்லைனில் சேமிக்க அதிகாரபூர்வ ஆப்பில் பிரீமியம் கணக்கு வேண்டும்.

எண்ணிக்கைக்காகப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. நெவாடாவின் 375ஆம் நெடுஞ்சாலைபோல அந்த இடைவெளியிலேயே வரிசையாக வைத்திருக்கும் சாலையில், பெட்டிக்கு இரண்டு நிமிடம் என்றால் நூறு பெட்டிக்கு 3 மணி 20 நிமிடம். இந்தச் சராசரியை ஊருக்குள் கொண்டுவராதீர்கள். கார் நிறுத்தவே ஐந்து நிமிடம் ஆகும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போகும் வரை காத்திருக்கவும் வேண்டும்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் சி:ஜியோ என்ற ஆப்பையும் ஏற்றிக்கொள்ளுங்கள். இலவசம், தலைமையகத்தோடு தொடர்பில்லாத தன்னார்வலர்கள் உருவாக்கியது. வழி கணக்கிடும் பிரவுட்டர் ஆப்போடு இணைத்தால் இணையம் இல்லாமலே நடைபாதை வழியான உண்மைத் தூரத்தைத் தரும். 1.3ஆல் பெருக்கும் ஊகமே தேவையில்லை. தோற்றத்தில் அதிகாரபூர்வ ஆப்தான் அழகு. நேரம் திட்டமிட சி:ஜியோவே மேல். ஐபோனுக்கு சி:ஜியோ இல்லை.

அதிகாரபூர்வ ஆப்புக்குத் தேடலில் ஐந்துக்கு நாலரை, நேரத் திட்டத்தில் இரண்டு. "ஒரு மணி நேரத்துக்குள் முடியும்" என்ற சின்னம் சில பெட்டிகளில் இருக்கும். அதைப் பெட்டியை வைத்தவரே போடுகிறார். ஒளித்த இடம் அவருக்குத் தெரியும். குழந்தைகளோடு போனால் அந்த ஒரு மணியை இரண்டாக எண்ணுங்கள்.