தொழிலை வாங்க வருவோருக்கான இரகசியக் காப்பு ஒப்பந்தம்: நாகர்கோவில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றின் சேவை

மார்த்தாண்டம் அருகே எங்கள் குடும்பத்தார் நடத்திவந்த அண்டியாபீஸை, அதாவது முந்திரித் தொழிற்சாலையை, விற்கத் தீர்மானித்தபோது, வாங்க வருவோரிடம் முன்கூட்டியே கையெழுத்துப் பெறும் ஒப்பந்தத்தை நாகர்கோவிலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுதி வாங்கினோம். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

இங்கே முந்திரித் தொழிற்சாலையை விலைக்குக் கேட்டு வருபவர் பெரும்பாலும் அதே தொழிலில் இருப்பவர்தான். கணக்கைக் காட்டினால், தூத்துக்குடியில் இறங்கும் ஆப்பிரிக்கக் கொட்டையை யாரிடம் என்ன விலைக்கு எடுக்கிறோம், 80 கிலோ மூட்டைக்கு எவ்வளவு பருப்பு தேறுகிறது, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற முழுப் பருப்பு ரகங்களை வடநாட்டில் எந்த மொத்த வியாபாரி எத்தனை நாள் கடனுக்கு வாங்குகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். விலை படியாமல் அவர் எழுந்து போனாலும் தெரிந்தது தெரிந்ததுதான்.

இதை அலுவலகத்தார் நன்றாகவே உணர்ந்திருந்தனர். எல்லாமே இரகசியம் என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், எவையெவை இரகசியம் என்று பெயர் சொல்லி எழுதி, சந்தையில் ஏற்கெனவே தெரிந்தவற்றை விலக்கியிருந்தனர். வாங்குபவர் தம் ஆடிட்டருக்கும் கடன் தரும் வங்கிக்கும் மட்டும் காட்டலாம், அவர்கள் வழியாகக் கசிந்தாலும் பொறுப்பு அவருடையதே என்ற பிரிவும் தெளிவாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது பின்னிணைப்புதான்: முதலில் மொத்த விற்றுமுதல், அடுத்து அ, ஆ, இ என்று பெயர் மறைத்த வாடிக்கையாளர் பட்டியல், உண்மைப் பெயர்கள் முன்பணம் கைக்கு வந்த பிறகே. உள்ளபடிக்கு எங்களைக் காப்பாற்றியது இந்த வரிசை.

குறைகளுக்கு வருகிறேன். பேரம் முறிந்தால் வந்தவர் மூன்று ஆண்டுகளுக்குக் குமரி மாவட்டத்திலும் கொல்லத்திலும் முந்திரித் தொழிலே செய்யக் கூடாது என்று முதல் வரைவில் ஒரு பிரிவு இருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27இன்படி இத்தகைய தடை செல்லாது. அதிலுள்ள விலக்கும் நற்பெயரோடு தொழிலை விற்பவரைக் கட்டுப்படுத்தத்தான் உதவும், வாங்காமல் போனவரை அன்று. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் அதில் கையெழுத்திடுவாரா என்று கேட்ட பிறகே, பார்த்த தகவலைக் கொண்டு எங்கள் வாடிக்கையாளரை அணுகக் கூடாது என்று மாற்றினார்கள். மீறினால் 50 லட்சம் ரூபாய் என்ற பிரிவும் அப்படித்தான். பிரிவு 74இன்படி அந்தத் தொகை உச்ச வரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும் என்பதை அவர்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும். முழுத் தொகையும் கிடைக்கும் என்று நம்பித்தானே கட்சிக்காரர் நிம்மதியாக வீடு திரும்புகிறார்?

ஆவணத்தை ஆங்கிலத்தில் மட்டுமே தந்தார்கள். கருங்கல் ஊரிலிருந்து வந்த ஒருவர் தமிழ்ப் படி இல்லாமல் கையெழுத்திட மறுத்துவிட்டார். அந்தத் தமிழ்ப் படிக்குத் தனிக் கட்டணம் வாங்கியது எனக்கு உவப்பில்லை. மற்றபடி கட்டணம் நியாயமானது, சொன்ன தேதியில் வேலையும் முடிந்தது. போகிறவர்கள் நீதிமன்ற நேரம் முடிந்த பிறகு மாலையில் போவது நல்லது. பகலில் இளநிலை வழக்கறிஞர்கள்தான் இருப்பார்கள், அந்த முதல் வரைவை எழுதியவர்களும் அவர்கள்தான்.