பாட்டில் வெள்ளைக்கரு: வாங்கலாமா, முழு முட்டையே போதுமா?

உடைக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம், ஓட்டுத் துண்டு விழுந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தேட வேண்டாம். மூடியைத் திருகிச் சாய்த்தால் வெள்ளைக்கரு மட்டும் வந்து விழுகிறது. பாட்டிலிலும் அட்டைப்பெட்டியிலும் விற்கிற இந்தத் திரவ வெள்ளைக்கருவை ஜிம்முக்குப் போகிறவர்கள், எடையைக் குறைக்கப் பார்க்கிறவர்கள், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் வரியைப் பார்த்துப் பதறியவர்கள் என மூன்று தரப்பும் வாங்குகிறார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் சரக்கை வாங்கிப் பார்த்துவிட்டேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் பெயர் சொல்லாமல் பொதுவாகவே எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: முட்டையோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள நல்ல பொருள், முட்டைக்குப் பதிலாக என்றால் வேண்டாம்.

முதலில் பொருளைப் பற்றி. புது முட்டையை உடைத்தால் வெள்ளைக்கருவில் கெட்டியான பகுதி ஒன்றும் தண்ணீர் போன்ற பகுதி ஒன்றும் தனித்தனியாகத் தெரியும், பாட்டிலில் வருவது எல்லாம் கலந்து வடிகட்டப்பட்டு ஒரே சீராக, கொஞ்சம் நீர்த்துப்போனது போல இருக்கும். பேனில் ஊற்றினால் ஓரம் வரை ஓடிவிடும். மெல்லிய ஆம்லெட்டுக்கு அது வசதிதான், ஆனால் தனியாகச் சமைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது, கொழுப்பே இல்லாததால் வேறு வழியும் இல்லை. தீ கொஞ்சம் கூடினாலும் கந்தக வாடை மூக்கில் ஏறும். உப்பு, மிளகு, வெங்காயம் என்று எதையாவது சேர்க்காமல் சாப்பிட முடியாது, முடியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

கேக், மெரிங் (வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் செய்யும் இனிப்பு) செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதை அடித்தால் நுரை புது முட்டையில் வருகிற அளவுக்கு எழும்பாது. கிருமியைக் கொல்ல இதை ஏறத்தாழ 57 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்கள் வைக்கிறார்கள், வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டினால்தான் உறையத் தொடங்கும், அதனால் திரவமாகவே இருந்துவிடுகிறது, ஆனால் நுரைக்கு உதவுகிற சில புரதங்கள் அந்தச் சூட்டிலேயே அடிபட்டுவிடுகின்றன. இதைச் சரிக்கட்டச் சிலர் சிட்ரேட் வகைப் பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள், லேபிளில் இருக்கும். லேபிள் என்றதும் இன்னொன்று: "முட்டை மாற்று" என்று விற்கும் சில பொருள்களில் வெள்ளைக்கருவோடு கோந்து, சுவையூட்டி, மஞ்சள் நிறத்துக்காக பீட்டா கரோட்டின் எல்லாம் இருக்கும். மஞ்சள்கருவை எடுத்துவிட்டு அதன் நிறத்தை மட்டும் திரும்பச் சேர்க்கிற இந்த வேலையை என்னவென்று சொல்வது! உட்பொருள் பட்டியலில் வெள்ளைக்கரு என்ற ஒரே சொல் இருப்பதையே எடுங்கள்.

அப்புறம், இதை அப்படியே ஷேக்கில் ஊற்றிக் குடிக்கும் பழக்கம். பாஸ்ச்சரைஸ் செய்தது, அதாவது மேலே சொன்னபடி சூட்டில் வைத்துக் கிருமியைக் கொன்றது, அதனால் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி பற்றிய பயம் பெரிதாக இல்லை, அந்த மட்டில் பச்சை முட்டையைவிட மேல். ஆனால் கிருமி செத்துவிட்டது என்பதும் வெள்ளைக்கரு வெந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. 1998இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், வேகவைத்த முட்டைப் புரதத்தில் சுமார் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். பாட்டில் சரக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், காசு கொடுத்து வாங்கிய புரதத்தை எதற்காக வீணாக்க வேண்டும்? போதாததற்கு வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது, அது பயோட்டின் என்ற வைட்டமினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது, நன்றாக வெந்தால்தான் அந்தப் பிடி தளரும். பாஸ்ச்சரைஸ் செய்யும் சூடு அதற்குப் போதாது. எப்போதாவது குடித்தால் ஒன்றும் ஆகாது, தினமும் நிறையக் குடித்துக்கொண்டே மாதக்கணக்கில் போனால் முடி கொட்டுவது, தோலில் தடிப்பு என்று வர வாய்ப்பு உண்டு. இதில் வேடிக்கை, முட்டையில் இருக்கும் பயோட்டின் பெரும்பாலும் மஞ்சள்கருவில்தான் இருக்கிறது, அதைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறோம்.

சரி, உடம்புக்கு எது நல்லது என்ற விஷயத்துக்கு வருவோம், வாங்குகிறவர்கள் கேட்பது அதைத்தானே.

சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் 72 கலோரி, 6 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 5 கிராம் கொழுப்பு, 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். அதன் வெள்ளைக்கரு மட்டும் என்றால் 17 கலோரி, 3.6 கிராம் புரதம், கொழுப்பும் கொலஸ்ட்ராலும் அனேகமாகப் பூஜ்யம். இந்தக் கணக்கில் வெள்ளைக்கரு உண்மையிலேயே கெட்டிக்காரச் சரக்கு. 20 கிராம் புரதம் வேண்டுமென்றால் முழு முட்டையில் மூன்றுக்கு மேல் போக வேண்டும், 230 கலோரி வரை ஏறும், அதையே வெள்ளைக்கருவில் எடுத்தால் 100 கலோரிக்குள் முடிந்துவிடும். கலோரியை எண்ணி எண்ணிச் சாப்பிடுகிறவருக்கு இது சின்ன லாபம் இல்லை.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று அதே கணக்கிலேயே இருக்கிறது: முட்டையின் புரதத்தில் 40 சதவீதத்துக்கு மேல் மஞ்சள்கருவில் இருக்கிறது. புரதம் முழுக்க வெள்ளையில், கெடுதல் முழுக்க மஞ்சளில் என்ற பிரிவினையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. வைட்டமின் ஏ, டி, ஈ, பி12, ஃபோலேட், கண்ணுக்கு நல்லது என்று சொல்லப்படும் லூட்டீன், ஸியாஸாந்தின் எல்லாம் முழுதாகவோ பெரும்பகுதியோ மஞ்சள்கருவில்தான். கோலின் தனியாகச் சொல்ல வேண்டியது. கல்லீரலுக்கும் நரம்புக்கும் வேண்டிய இந்தச் சத்து ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 147 மில்லிகிராம் கிடைக்கிறது, நாளொன்றுக்குப் பெண்களுக்கு 425, ஆண்களுக்கு 550 மில்லிகிராம் போதுமான அளவாக வைத்திருக்கிறார்கள், கர்ப்பிணிகளுக்குப் பெண்களின் பொது அளவைவிடக் கூடுதல். பாட்டில் வெள்ளைக்கருவில் கோலின் பேருக்குத்தான் இருக்கிறது. வெள்ளையில் ரிபோஃப்ளேவினும் செலினியமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம், ஆனால் எடுத்தது விட்டதற்கு ஈடாகாது.

2017இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களை எடைப் பயிற்சி செய்யவைத்து, ஒரு முறை முழு முட்டையிலும் இன்னொரு முறை வெள்ளைக்கருவிலும் 18 கிராம் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். புரத அளவு ஒன்றேதான், ஆனால் முழு முட்டை சாப்பிட்டபோது தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேகம் அதிகமாக இருந்தது. பத்தே பேர், அதுவும் பயிற்சிக்குப் பிந்தைய சில மணி நேரக் கணக்கு, இதை வைத்துப் பெரிதாகக் கொடி பிடிக்க முடியாது. இருந்தாலும் தசைக்காகவே மஞ்சள்கருவை ஒதுக்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

கொலஸ்ட்ரால் பயம்தான் இந்த பாட்டில்களுக்குப் பாதி விளம்பரம். அதன் வேர் பழையது. 1913இல் ரஷ்யாவில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற ஆராய்ச்சியாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி ரத்தக்குழாய் அடைப்பை உண்டாக்கிக் காட்டினார். முயல் தழை தின்கிற பிராணி, கொலஸ்ட்ராலைச் சமாளிக்கப் பழகாதது. 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. மனித உடலில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது, சாப்பாட்டில் கூடினால் பலருக்கு உடலின் தயாரிப்பு குறைந்து ஈடுகட்டிவிடும், கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது வெண்ணெய் போன்றவற்றில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு என்பதெல்லாம் மெல்ல மெல்லத் தெளிவானது. 2015க்கான அமெரிக்க உணவு வழிகாட்டுதலில் அந்த 300 என்ற வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஒரு முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு 1.6 கிராம் அளவுதான். முட்டையை வெண்ணெயில் மிதக்கவிட்டு, பக்கத்தில் பதப்படுத்திய இறைச்சியை வைத்துச் சாப்பிட்டுவிட்டு மஞ்சள்கரு மேல் பழி போடுவது நியாயமில்லை.

வழக்கு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2019இல் அமெரிக்காவில் 29,615 பேரைச் சராசரியாக 17 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு, நாளுக்கு அரை முட்டை கூடக்கூட இதய நோய் அபாயம் சற்று கூடுகிறது என்றது. அடுத்த ஆண்டே ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்களின் ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை வரை அப்படி ஒரு தொடர்பும் இல்லை என்றது. இரண்டுமே மக்கள் என்ன சாப்பிட்டோம் என்று தாங்களே சொன்னதை வைத்துப் போட்ட கணக்குகள், முட்டை சாப்பிடுகிறவர் வேறு என்ன செய்கிறார் என்பதை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. 1968இல் மூன்றோடு நிறுத்தச் சொன்ன அதே இதயச் சங்கத்தின் 2019 அறிக்கை, ஆரோக்கியமானவர்கள் நாளுக்கு ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்கிறது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஒன்றுக்கு மேல் தினமும் வேண்டும் என்றால், அங்கேதான் இந்த பாட்டிலுக்கு வேலை வருகிறது: ஒரு முழு முட்டை, அதோடு 100 கிராம் வெள்ளைக்கரு. 17 கிராம் போல புரதம், 125 கலோரி, மஞ்சள்கருவின் கொழுப்பு கலந்துவிடுவதால் ரப்பர்தன்மையும் போய்விடும். வெறும் வெள்ளையில் போட்ட ஆம்லெட்டுக்கும் இதற்கும் சுவையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நிஜமாகவே வெள்ளைக்கரு மட்டும் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் புரதம் வேண்டும், பாஸ்பரஸ் அதிகம் கூடாது, மஞ்சள்கருவில் 66 மில்லிகிராம் அளவு பாஸ்பரஸ், வெள்ளையில் வெறும் 5 என்பதால் அவர்களுக்கு இது வரப்பிரசாதம். பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மஞ்சள்கரு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவுசெய்வது நல்லது, இந்த விமர்சனத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் "வெள்ளைதானே, லேசானது" என்று ஏமாற வேண்டாம், ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியப் புரதங்கள் வெள்ளையில்தான் இருக்கின்றன. வளரும் பிள்ளைகளுக்கும் சாப்பாடு குறைந்துபோன வயதானவர்களுக்கும் இதை ஊற்றிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை, அவர்களுக்கு அந்தக் கலோரியும் கொழுப்பும் தேவை.

வசதிக்கு ஐந்துக்கு நான்கு, சுவைக்கு இரண்டு, சத்துக்கு மூன்று கொடுப்பேன். வாங்குவதென்றால் சின்ன அளவாகவே எடுங்கள், திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும், பெரிய பாட்டிலை வாங்கிவிட்டால் பாதி சிங்க்கில்தான் போகும். தீராது என்று தெரிந்தால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிடலாம், வெள்ளைக்கரு உறைந்து இளகினாலும் கெட்டுப்போவதில்லை.