ஒற்றைக் கணிப்பா, என்செம்பிளா? எந்த மாடலை எதற்குப் பார்க்கலாம்

வானிலை மாடல்களை, அதாவது வளிமண்டலத்தைக் கணக்குப் போட்டுக் கணிக்கும் கணினி நிரல்களைப் பின்தொடர்பவர்கள் நடுவே ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. ஐரோப்பிய மாடல் சரியா, அமெரிக்க மாடல் சரியா? எட்டு நாள் கழித்துப் புயல் எங்கே நிற்கும் என்று இரண்டும் ஆளுக்கொரு படம் காட்டும். ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். என்னைக் கேட்டால், அந்த இரண்டு படங்களை எதிரெதிரே வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒப்பீடு வேறு. ஒரே ஒரு படம் தரும் கணிப்பு ஒரு பக்கம், ஐம்பது படம் தரும் என்செம்பிள் கணிப்பு மறுபக்கம். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் எந்த நாட்டு மாடல் என்பது இரண்டாவது கேள்வியாகிவிடும்.

ஒற்றைக் கணிப்பின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதை 1961-லேயே அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் பார்த்துவிட்டார். கணினியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு எளிய வானிலை மாடலைப் பாதியிலிருந்து மறுபடி ஓட்ட நினைத்து, 0.506127 என்று இருக்க வேண்டிய எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். மாடலின் கணக்கில் சில வாரங்கள் ஓடிய பிறகு இரண்டு ஓட்டங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிஜத்தில் நாம் அளக்கும் காற்று, ஈரப்பதம், வெப்பநிலை எல்லாவற்றிலும் அதைவிடப் பெரிய பிழை இருக்கிறது. கடலுக்கு மேலே பல இடங்களில் நேரடி அளவீடே கிடையாது, செயற்கைக்கோளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அப்படியிருக்க, பத்தாம் நாளுக்கு ஒரே ஒரு படத்தை நீட்டி ‘இதுதான் நடக்கும்’ என்று சொல்ல எந்த மாடலுக்கும் வழியில்லை.

என்செம்பிள் செய்வது இதுதான். அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள் தொடக்க நிலையை லேசாக மாற்றி மாற்றி, ஒரே மாடலைப் பல தடவை ஓட்டுகிறது. மாடல் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, ஒரு கட்டம்தான் கண்ணி. மேகம் உருவாவது போன்ற, அந்தக் கண்ணியைவிடச் சிறிய விஷயங்களிலும் கொஞ்சம் தற்செயலான மாற்றத்தைச் சேர்க்கிறது. எல்லா ஓட்டங்களும் ஒரே திசையில் போனால் அன்றைய வளிமண்டலம் கணிக்க எளிதானது. சிதறிப் போனால் கடினமானது. ஒற்றைக் கணிப்பு எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் இந்தத் தகவலை அதால் தரவே முடியாது. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையமும் அமெரிக்க வானிலைச் சேவையும் 1992-இன் இறுதியில், ஏறக்குறைய ஒரே சமயத்தில், இதை அன்றாட வேலையாக்கின.

ஐரோப்பா, அமெரிக்கா, கனடா

ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையத்தின் என்செம்பிளில் 51 ஓட்டங்கள். மாற்றம் செய்யாத ஒன்று, மாற்றிய ஐம்பது. 15 நாள் வரை போகும். 2023 ஜூனில் இதன் கண்ணி அளவு 18 கிலோமீட்டரிலிருந்து 9 கிலோமீட்டராகக் குறைந்தது, அதாவது மையத்தின் ஒற்றைக் கணிப்புக்குச் சமமானது. இது பெரிய திருப்பம். அதுவரை ‘என்செம்பிள் மங்கலாகத்தான் தெரியும், நுணுக்கம் வேண்டுமென்றால் ஒற்றைக் கணிப்பைப் பார்’ என்று சொல்வதில் நியாயம் இருந்தது. இப்போது அந்த மையத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கு இடமில்லை.

அமெரிக்காவின் என்செம்பிளான ஜிஇஎஃப்எஸ் 2020 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டது. 31 ஓட்டங்கள், சுமார் 25 கிலோமீட்டர் கண்ணி, 16 நாள். இதன் பெரிய வசதி, ஒரு நாளைக்கு நான்கு முறையும் முழு நீளத்துக்கு ஓடுவது. ஐரோப்பிய என்செம்பிள் 15 நாள் வரை போவது இரண்டு ஓட்ட நேரங்களில்தான், மற்ற இரண்டும் ஆறாம் நாளோடு நின்றுவிடும். ஆனால் 25 கிலோமீட்டர் கண்ணியில் புயலின் மையப்பகுதி சரியாக உருவாகாது. பாதைக்கு ஜிஇஎஃப்எஸ்-ஐப் பார்க்கலாம், புயலின் வலிமைக்கு அதை நம்ப வேண்டாம். மலைச் சரிவில் கொட்டும் மழைக்கும் அப்படித்தான்.

கனடாவின் என்செம்பிள் 21 ஓட்டங்கள் கொண்டது. தனியாக அதை வைத்து முடிவெடுக்க நான் சொல்ல மாட்டேன். மற்ற இரண்டும் ஒத்துப்போகும் நாளில், மூன்றாவது ஆள் வேறு மாதிரி யோசிக்கிறாரா என்று பார்க்கப் பயன்படும்.

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் ஐரோப்பிய என்செம்பிள். நடுத்தரக் காலக் கணிப்பில் அதன் சராசரித் தரம் பல ஆண்டுகளாக முன்னிலையில் இருக்கிறது. 2012 அக்டோபரில் சாண்டி சூறாவளியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அது கரையைக் கடப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஐரோப்பிய மாடல் அதை மேற்கே திருப்பி அமெரிக்கக் கரைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க மாடல் அதற்குப் பிறகும் சில நாள் அதைக் கடலுக்குள்ளேயே விரட்டிக்கொண்டிருந்தது. அதே சமயம், ஒரு புயலை வைத்து ஒரு மாடலுக்குப் பட்டம் கட்டிவிடக் கூடாது. வேறொரு புயலில் நிலைமை தலைகீழாக இருந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் ஒன்றைத் தள்ளிவிட வேண்டாம். இரண்டின் சிதறலையும் சேர்த்து ஒரே பெரிய சிதறலாக எடுத்துக்கொள்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

புதிதாக வந்திருப்பவை

செயற்கை நுண்ணறிவு மாடல்கள் இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்ப்பதில்லை. பல பத்தாண்டுகளின் வானிலைப் பதிவிலிருந்து கற்றுக்கொள்கின்றன. கூகுள் டீப்மைண்டின் ஜென்காஸ்ட் 15 நாள் கணிப்பின் ஒரு ஓட்டத்தை ஒரே சிப்பில் எட்டு நிமிடத்தில் முடிக்கிறது. ஐரோப்பிய மையமே தன் செயற்கை நுண்ணறிவு என்செம்பிளை 2025 ஜூலை 1 முதல் அதிகாரபூர்வமாக ஓட்டுகிறது. பல அளவுகோல்களில் அது பழைய என்செம்பிளை முந்துகிறது என்று மையமே சொல்கிறது. இவ்வளவு வேகமும் தரமும் சேர்ந்து வந்திருப்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் விஷயம். ஆனால் அதன் கண்ணி சுமார் 31 கிலோமீட்டர். பெரிய அளவிலான காற்றழுத்தம், புயல் பாதை, வெப்பநிலைப் போக்குக்கு அதைத் தாராளமாகப் பார்க்கலாம். ஓரிடத்தில் கொட்டும் மழையின் உச்சத்துக்கு இப்போதைக்கு 9 கிலோமீட்டர் இயற்பியல் என்செம்பிள்தான் என் தேர்வு.

எந்தப் படத்தைப் பார்ப்பது

மாடலைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய சறுக்கல் இங்கேதான் நடக்கிறது. பெரும்பாலானோர் என்செம்பிள் சராசரியை மட்டும் திறந்து பார்க்கிறார்கள், அது ஒரே படமாக இருப்பதால். 51 ஓட்டங்களில் 28 புயலை வடக்கே திருப்புகின்றன, 23 மேற்கே அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரிப் பாதை இரண்டுக்கும் நடுவே போகும். அந்த வழியாகப் புயல் போகும் என்று ஒரு ஓட்டம்கூடச் சொல்லவில்லை. மழையிலும் இதே கதைதான். பாதி ஓட்டங்கள் பூஜ்யம், பாதி 40 மில்லிமீட்டர் என்றால் சராசரி 20 என்று வரும். வறட்சிக்கோ வெள்ளத்துக்கோ தயாராக வேண்டிய இடத்தில் மிதமான மழை என்று அது சொல்லும். ஓட்டங்கள் எல்லாம் ஒரே கொத்தாக இருக்கும்போது மட்டும் சராசரியைப் பாருங்கள்.

ஸ்பாகெட்டி வரைபடம் எல்லாக் கோடுகளையும் காட்டும். கொத்துகள் தனித்தனியாகப் பிரிகின்றனவா என்று பார்க்க அதுபோல வசதி வேறில்லை. ஓரத்தில் தனியாகப் போகும் ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டு பதறுவதுதான் அதில் உள்ள அபாயம்.

நான் அதிகம் பரிந்துரைப்பது பெட்டி வரைபடம், மீட்டியோகிராம் என்பார்கள். ஓர் இடத்துக்கு, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு பெட்டி. ஐரோப்பிய மையத்தின் படத்தில் அகலமான பெட்டி நடுவிலுள்ள பாதி ஓட்டங்களைக் காட்டும், குறுகலான பகுதி 10 முதல் 90 சதவீதம் வரை, மெல்லிய கோடு இரு எல்லைகளுக்கும் போகும். சனிக்கிழமைப் பெட்டி 0-இல் தொடங்கி 18 மில்லிமீட்டர் வரை நிற்கிறது, நடுக்கோடு 1-இல் இருக்கிறது, மெல்லிய கோடு 60-ஐத் தொடுகிறது என்று வையுங்கள். இதன் பொருள்: பாதி ஓட்டங்களில் மழை 1 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது, கால்வாசியில் நல்ல மழை, ஒன்றில் பெருமழை. ‘மழை வரும்’, ‘வராது’ இரண்டுமே இங்கே தவறான பதில்.

இடிமழைக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டமும் இடிமேகத்தை வேறு வேறு இடத்தில் வைக்கும். அதனால் உங்கள் புள்ளிக்கு 20 சதவீதம்தான் வரும். ஆனால் சுற்றிலும் 50 கிலோமீட்டருக்குள் எங்காவது இடி விழும் வாய்ப்பு 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கலாம். வெள்ள மீட்புக் குழுவுக்கு வேண்டியது இரண்டாவது எண்.

அப்புறம், 51-இல் 15 ஓட்டங்கள் என்பதை அப்படியே 30 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தரையருகே வெப்பநிலை, காற்று போன்றவற்றில் என்செம்பிள்கள் பெரும்பாலும் தேவையைவிடக் குறைவாகவே சிதறுகின்றன. காட்டும் உறுதி உண்மையான உறுதியைவிட அதிகம். ஆபத்தான வானிலைக்கு ஐரோப்பிய மையத்தின் அதீதக் கணிப்புக் குறியீடு உதவும். அது மாடலின் கணிப்பை அதே மாடலின் கடந்தகாலப் பதிவோடு ஒப்பிடுகிறது. 0.5-ஐத் தாண்டினால் வழக்கத்துக்கு மாறானது, 0.8-ஐத் தாண்டினால் மிகவும் அரிது.

சரி, எத்தனை சதவீதம் வந்தால் செயலில் இறங்குவது? அது வானிலையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. தற்காப்புச் செலவை, தற்காக்காவிட்டால் வரும் நஷ்டத்தால் வகுத்துப் பாருங்கள். அறுவடையைக் கூரைக்குள் நகர்த்த ஒரு பங்கு செலவு, நனைந்தால் பத்துப் பங்கு நஷ்டம் என்றால் 10 சதவீத வாய்ப்பே போதும், நகர்த்திவிடலாம். கான்கிரீட் போடும் வேலையைத் தள்ளிப்போட நான்கு பங்கு செலவு, மழை வந்தால் ஐந்து பங்கு நஷ்டம் என்றால் 80 சதவீதம் தாண்டும்வரை வேலையைத் தொடரலாம். ஒரே கணிப்பு, இரண்டு பேருக்கு இரண்டு முடிவு, இரண்டும் சரி. ஒற்றைக் கணிப்பை வைத்து இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

பத்து நாளுக்கு மேல் தேதி வாரியாக எதையும் எடுக்காதீர்கள். அந்த வாரம் வழக்கத்தைவிட ஈரமா, வெப்பமா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று முதல் பத்து நாள் வரைதான் என்செம்பிள் தன் முழு வேலையைக் காட்டும். இரண்டு நாளுக்குள் வந்துவிட்டால் உங்கள் பகுதிக்கென ஓடும் நுண்கண்ணி மாடல் இருக்கிறதா என்று பாருங்கள், கடைசிச் சில மணி நேரத்துக்கு ரேடார் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.