டர்போ ஹோண்டா சிட்டிக்கு டெஃப்லான் ஃபியூயல் லைன்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

என் வண்டி 2003 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர் இன்ஜினுக்கு டர்போ போட்டு, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு மட்டும் டிரெய்லரில் ஏற்றிப் போகிறேன், ரோட்டில் ஓட்டுவதில்லை. 2021-ல் டர்போ வேலை நடந்தபோதே பம்ப், இன்ஜெக்டர், ஃபியூயல் ஹோஸ் (டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் குழாய்) எல்லாம் மாற்றியாயிற்று. அந்த ஹோஸை 2023 தொடக்கத்தில் கழற்றி எறிய வேண்டி வந்தது. அடுத்துப் போட்டதுதான் இன்றுவரை ஓடுகிறது.

முதலில் போட்டது மேலே ஸ்டீல் பின்னல், உள்ளே ரப்பர். கடையில் "ரேஸ் கார் ஹோஸ்" என்றார்கள். உள்ளே என்ன ரப்பர் என்று நான் கேட்கவில்லை. ஒரு வருடம் தாண்டியதும் ஷெட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. எங்கள் ஷெட்டை ஒட்டித்தான் அடுப்படி. "கண்ணு, வண்டியில எங்கியோ ஒழுகுது, பாரு" என்று அம்மா இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு ஜாயின்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஜாயின்ட் எதுவும் ஒழுகவில்லை. ஹோஸின் சுவர் வழியாகவே ஆவி வந்துகொண்டிருந்தது. சாதாரண நைட்ரைல் ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி உப்பும், ஆவியையும் வெளியே விடும். பின்னல் மூடியிருப்பதால் ரப்பர் கெடுவது கண்ணில் படாது. அறுத்துப் பார்த்தபோது, வளைவு இருந்த இடத்தில் உள்சுவர் வெடிப்பு விட்டிருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அடுப்படிக் கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்றைக்கே வண்டியை வாசலுக்குத் தள்ளிவிட்டேன்.

"தம்பி, பின்னலப் பாத்து வாங்காதீங்க, உள்ள என்ன இருக்குதுன்னு கேட்டு வாங்குங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். இந்த முறை உள்ளே பி.டி.எஃப்.இ., அதாவது நாம் டெஃப்லான் என்று சொல்வது. அதிலும் கார்பன் சேர்த்த கறுப்பு ரகம். பெட்ரோல் வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் சேரும்; கார்பன் இல்லாத வெள்ளை டெஃப்லான் அதைக் கடத்தாது. அது பொறியாகப் பின்னலுக்குத் தாவினால் சுவரில் ஊசித்துளை விழுந்துவிடும். பெட்ரோலுக்கு வாங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஏ.என் என்பது ஹோஸ், ஃபிட்டிங்குகளுக்கான ஒரு அளவுமுறை. நான் போட்டது ஏ.என் 6. அந்த எண் அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும், ஆக 3/8 அங்குலம். என் பெட்ரோல் லைனின் அடிப்படை பிரஷர் 3 பார், பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம்) 0.7 பார், பிரஷர் ரெகுலேட்டர் பெட்ரோல் பிரஷரையும் பூஸ்ட்டுக்குச் சமமாக ஏற்றுவதால் முழு பூஸ்ட்டில் 3.7 பார். இதற்கு 6 தாராளம்.

பழைய ஃபிட்டிங்குகளையே போட்டுவிடலாம் என்றிருந்தேன். ஆகாது. டெஃப்லான் ஹோஸுக்கு உள்ளே பித்தளை வளையம் வைத்து இறுக்கும் தனி ஃபிட்டிங் வேண்டும். ரப்பர் ஹோஸ் ஃபிட்டிங் அதைப் பிடிக்காது. ஏ.என் ஃபிட்டிங்கில் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் சரிவு 37 டிகிரி. ஹார்டுவேர் கடையில் கிடைத்த ஒரு அடாப்டர் 45 டிகிரி, பம்ப் ஓடி லைனில் பெட்ரோல் நிரம்பிய உடனேயே கசிந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்ப்பை மட்டும் ஐந்தாறு முறை ஓட்டிப் பார்த்ததால் பிழைத்தோம்.

இந்த மூன்று வருடத்தில் பங்க்கில் வருவது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகிவிட்டது. ஹோஸில் ஒரு மாற்றமும் இல்லை, வாடையும் இல்லை. குறை என்றால் இரண்டு. டெஃப்லான் குறுகலாக வளையாது, மடங்கினால் அந்தத் துண்டு வீண். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு) பக்கம் 90 டிகிரி ஃபிட்டிங் போட வேண்டியதாயிற்று. அடுத்தது, ஸ்டீல் பின்னல் அரம் மாதிரி. எட்டாவது மாதச் சோதனையில், பக்கத்தில் போகும் வயரிங்கின் உறையைத் தேய்த்துத் தாமிரம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. பெட்ரோல் லைனுக்குப் பக்கத்தில் வெறும் வயர்! இப்போது சுமார் 40 செ.மீ.க்கு ஒன்று வீதம் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டிருக்கிறேன், உரசும் இடங்களில் நைலான் உறை.

ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னாலும் டிஷ்யூ பேப்பரோடு ஒரு சுற்று. போன முறை டர்போ பக்கத்து வெப்ப உறையின் நுனி பிரிந்திருந்தது. புதிது வாங்கி வைத்தாயிற்று, இந்த ஞாயிறு மாட்டுகிறேன்.